ஏழு மணிச் சாலைகள்: கோலாலம்பூருக்கு வெளியே மலையும் ஏரியுமாகச் சைக்கிள் ஓட்ட ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரைச் சுற்றி அமைதியான சாலை என்று தனியாக ஒன்றும் இல்லை. அமைதியான நேரம்தான் உண்டு. காலை ஏழேகாலுக்கு உலு லங்காட் சாலையில் உங்கள் சங்கிலி ஓடும் சத்தம் உங்களுக்கே கேட்கும். அதே சாலையில் சனிக்கிழமை பத்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள்: அருவிக்குக் குடும்பத்தோடு வந்த கார்கள் இருபுறமும் நின்றிருக்கும், நடுவில் ஒரு வண்டி நுழையத்தான் இடமிருக்கும். ஆகவே பாதையை அப்புறம் பார்க்கலாம், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில்தான் உதிக்கிறது. அதற்கு அரைமணி நேரம் முன்பே சைக்கிளில் ஏறிவிட்டால், ஏற்றத்தின் அடிவாரத்தை எட்டும்போது வெளிச்சம் வந்திருக்கும், வெயில் வந்திருக்காது. வார நாள்களில் ஒரு சிக்கல்: கம்பத்து (கிராமத்து)ப் பள்ளிகளின் வாசலில் 7 மணியிலிருந்து 7.30 வரை காரும் மோட்டார்சைக்கிளும் நெருக்கியடிக்கும். அதற்கு முன்பே கடந்துவிடுங்கள், இல்லையேல் முக்கால்மணி தாமதமாகக் கிளம்புங்கள். வார இறுதியென்றால் ஒன்பதரைக்குள் ஏற்றம் இறக்கம் இரண்டும் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பெரிய மோட்டார்களில் கூட்டமாக வருபவர்கள் வளைவுகளைப் பந்தயத்திடல் ஆக்கிவிடுவார்கள்.

மாலைச் சவாரியை மலைப்பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள். மதியத்துக்கு மேல் இடிமழை கொட்டுவது இங்கே வழக்கம். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் அது கிட்டத்தட்ட அன்றாடம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்று ஓய்வு. ஏற்றத்தில் நீங்கள் இழுக்கும் மூச்சு சாதாரண மூச்சைப்போல் பல மடங்கு.

சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது

புதியவர்கள் சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேம்) எடையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார்கள், பல்சக்கரத்தைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்கள். மலையில் உங்களைக் காப்பாற்றுவது பல்சக்கரம்தான். கணக்கு எளிது. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் மிதியை ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் ஒரு சுற்று. அதாவது ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர். சவாரி செய்பவர் 75 கிலோ, சைக்கிள் 10 கிலோ என்று வைத்தால், பத்து விழுக்காட்டுச் சரிவில் இதற்குச் சுமார் 180 வாட் தேவை. கொஞ்சம் பழகியவர் சமாளித்துவிடுவார். இதையே பழைய பந்தயச் சைக்கிளில், முன்னால் 39, பின்னால் 25 என்ற பல்லோடு அதே 60 சுற்றில் ஏறப் பார்த்தால் வேகம் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் ஆகிவிடும், தேவைப்படும் சக்தி 290 வாட்டை நெருங்கும். அது புதியவரால் இரண்டு நிமிடம் தாங்காது. சுற்றைக் குறைத்து அழுத்தி மிதிப்பார், மறுநாள் முழங்கால் பேசும்.

ஆகவே முன்னால் 50, 34 என்று இரண்டு பல்சக்கரம், பின்னால் 11 பல் முதல் 32 அல்லது 34 பல் வரை. கடையில் பின்பல்லை மாற்றச் சொல்லும்போது, உங்கள் பின் கியர் மாற்றி அவ்வளவு பெரிய பல்லை ஏற்குமா, சங்கிலியின் நீளம் போதுமா என்று இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பல் போட்டுப் பழைய சங்கிலியையே விட்டால், முன்னும் பின்னும் பெரிய பல்லில் ஓடும்போது சங்கிலி விறைத்து கியர் மாற்றியைப் பிய்த்துவிடும்.

டயர் 28 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, சட்டம் இடம் கொடுத்தால் 32. எழுபது கிலோ ஆளுக்கு 28 டயரில் பின்னால் 70 முதல் 75 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), முன்னால் அதைவிட ஐந்து குறைவு. சாலை ஈரமென்றால் இரண்டிலும் இன்னொரு ஐந்தைக் குறையுங்கள். கல்லாட்டம் காற்றடித்தால் வேகம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. கம்பத்துச் சாலையின் ஒட்டுத் தார்மீது அப்படிப்பட்ட டயர் துள்ளும், வளைவில் பிடிக்காது.

விளக்கு இரண்டும் கட்டாயம், பகலிலும் பின்விளக்கு மின்னட்டும். மரங்கள் கூடாரமாய் மூடிய சாலையில், வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் ஓட்டுநரின் கண் ஓரிரு நொடி இருட்டிவிடும். அந்த இடைவெளியில் உங்களைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சிவப்பு வெளிச்சம்தான்.

எந்தச் சாலையில் தொடங்குவது

புத்ராஜெயா ஏரிக்கரை. மலைக்குப் போகுமுன் நான்கைந்து வாரம் இங்கே ஓட்டுங்கள். செயற்கை ஏரி, கரை மட்டும் ஏறக்குறைய 38 கி.மீ. நீளம். சாலை அகலம், தார் வழவழப்பு, சிறு மேடுகள் மட்டும். ஓடும்போதே தண்ணீர் புட்டியை எடுத்துக் குடிப்பது, தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தும் கோடு விலகாமல் போவது, ஒரு கையால் சைகை காட்டுவது, இம்மூன்றும் இங்கே கைவந்துவிட வேண்டும். நிற்காமல் 40 கி.மீ. ஓட்டி, வீட்டுக்கு வந்தும் படியேற முடிகிறதென்றால் அடுத்ததற்குப் போகலாம்.

பத்துமலை - உலு யாம். முருகன் சிலையைத் தாண்டி ஜாலான் சுங்கை துவாவில் வடக்கே திரும்பினால், கொஞ்ச தூரத்திலேயே நகரம் விட்டுப்போகும். 'பத்து' என்ற அணையைத் தாண்டியதும் காடு, ஏற்றம், வளைவு, மறுபடி இறக்கம் என்று மாறி மாறி உலு யாம் பாரு வரை போகும். போய்வர ஏறக்குறைய 50 கி.மீ. நீண்ட ஏற்றம் எதுவும் உயிரை வாங்காது. ஆனால் ஏறி இறங்கி ஏறுவதால், திரும்பும் வழியில் அதே மேடுகள் இருமடங்கு உயரமாகத் தெரியும். போகும்போது பாதிச் சக்திக்கு மேல் செலவழிக்காதீர்கள்.

இந்தச் சாலையில் குரங்குகள் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். காரில் போகிறவர்கள் தீனி போட்டுப் போட்டுப் பழக்கிவிட்டார்கள். நெகிழிப் பையின் சரசரப்புக் கேட்டாலே இறங்கி வரும். சட்டைப் பையில் வாழைப்பழம் துருத்திக்கொண்டிருந்தால் உள்ளே தள்ளிவிடுங்கள். அங்கே நின்று சாப்பிடாதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். குட்டி ஒன்று சாலையைக் கடந்தால் அதன் பின்னாலேயே தாய் வரும் என்று எண்ணி வேகத்தைக் குறையுங்கள். தைப்பூச வாரத்தில் பத்துமலை வழியே வேண்டாம். அந்த நாள்களில் அங்கே சைக்கிளில் அல்ல, கால்நடையாகத்தான் போக வேண்டும்.

செமினி அணைக்கட்டு. செமினி பட்டணத்திலிருந்து சுங்கை லாலாங் வழியாக உள்ளே போனால் அணை வரும், பிறகு சுங்கை தெக்காலா பூங்கா. அங்கே திரும்பி வந்தால் 30-லிருந்து 40 கி.மீ. வரை. இங்கே ஏரியும் மலையும் சேர்ந்து கிடைக்கும், மரங்களின் இடைவெளியில் தண்ணீர் தெரியும். இது குடிநீர்த் தேக்கம். வேலிக்குள் போவதும் தண்ணீரில் இறங்குவதும் கூடாது. தெக்காலாவைத் தாண்டியும் போனால் சாலை உலு லங்காட் பக்கம் பத்து 18 (பதினெட்டாவது மைல்) என்ற ஊரில் போய்ச் சேரும். அங்கே இறங்கிவிட்டால் வந்த மேட்டை மறுபடி ஏற வேண்டும், அல்லது யாராவது காரோடு அங்கே காத்திருக்க வேண்டும். முதல் தடவை தெக்காலாவோடு திரும்பிவிடுங்கள்.

உலு லங்காட் - கெந்திங் பெரேஸ். பட்டணத்துச் சைக்கிளோட்டிகள் 'பெரேஸ்' என்று செல்லமாகச் சொல்லும் ஏற்றம் இது. சிலாங்கூரும் நெகிரி செம்பிலானும் தொட்டுக்கொள்ளும் கணவாய். பத்து 14-இல் காரை நிறுத்திப் பசியாறிவிட்டுக் கிளம்பலாம். பத்து 18-இல் புட்டிகளை நிரப்புங்கள், அதற்குப் பிறகு கடையை நம்ப வேண்டாம். சுங்கை லூயைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். சரிவு செங்குத்தல்ல, ஆனால் இளைப்பாறச் சமதளமும் கொடுக்காது. புதியவருக்கு ஏற்றம் மட்டுமே ஒரு மணி நேரம் பிடிக்கலாம். எல்லைப் பலகையோடு திரும்புங்கள். மறுபக்கம் தித்தி, கோல கிளாவாங் என்று இறக்கம் கையைப் பிடித்து இழுக்கும். இறங்கிவிட்டால் வீட்டுக்கு வர அதே மலையை மறுபுறமிருந்து ஏற வேண்டும், அப்போது மணி பதினொன்றாகியிருக்கும். பாதி வழிக்குமேல் கைப்பேசிக் கோடு அடிக்கடி அறுந்துபோகும். வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வையுங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கோல குபு பாரு - பிரேசர் மலை. இது பரீட்சை. உச்சிவரை போவது மேற்கண்டவற்றைத் திணறாமல் முடித்தவர்களுக்கு மட்டும். பட்டணத்திலிருந்து 55-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் ஏறினால் சில கிலோமீட்டரிலேயே சிலாங்கூர் ஆற்று அணை. நீர்த்தேக்கம் விரிந்து கிடக்க, சுற்றிலும் மலை. அணையோடு திரும்பி வருவதே ஒரு நல்ல காலைச் சவாரி, புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரையும் அதுதான். இந்தப் பட்டணத்துக்கும் தண்ணீருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: 1883-இல் அந்தக் காலத்து அணை உடைந்து பழைய கோல குபு மூழ்கியது, பிற்பாடு மேட்டில் கட்டிய ஊர்தான் இந்த 'பாரு' (மலாயில் 'புதிய').

அணைக்கு அப்பால் 'கேப்' என்னும் கணவாய் வரை சாலை விடாமல் ஏறும். சராசரிச் சரிவு மென்மைதான். சிரமம் செங்குத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. உச்சிவரை மொத்தம் ஏறக்குறைய 40 கி.மீ., அதில் கடைசி 8 கி.மீ. கேப்புக்கு மேலே ஒடுங்கிய மலைச்சாலை. 1951 அக்டோபர் 6-ஆம் தேதி பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். வளைவுகளைப் பார்த்தாலே பதுங்குவதற்கு ஏன் இந்த இடம் என்று புரியும். எதிரே வருபவருக்கும் நீங்கள் அப்படித்தான், கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். நடுக்கோட்டை ஒட்டாதீர்கள். கேப்புக்கு மேலே எது ஏறும் வழி, எது இறங்கும் வழி என்பது மண்சரிவுக்கு ஏற்ப மாறியிருக்கிறது, அன்றைய அறிவிப்புப் பலகை சொல்வதே சட்டம்.

மண்சரிவு என்றதும் ஒன்று. பத்தாங் காலியிலிருந்து கெந்திங் போகும் சாலையோரம் 2022 டிசம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் மலை சரிந்து 31 பேர் உயிரிழந்தார்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்திருந்தால் எந்த மலைச்சாலையும் வேண்டாம், வானம் அன்றைக்கு வெளுத்திருந்தாலும் சரி. சாலையில் புதுச் செம்மண் வழிந்திருப்பது, வழக்கமாக வறண்டிருக்கும் இடத்தில் கலங்கல் தண்ணீர் கசிவது, மரம் சாய்ந்து நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள்.

ஏற்றமும் இறக்கமும்

ஏற்றத்தில் அளவுகோல் பேச்சுதான். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா, கியரை இளக்குங்கள். முதல் பத்து நிமிடம் அளவுக்கு மீறி மெதுவாகப் போவதாகத் தோன்ற வேண்டும். சரிவு கூடுவதற்கு முன்பே கியரை மாற்றுங்கள், சங்கிலிமீது பாரம் ஏறியபிறகு மாற்றினால் 'கடக்' என்று தாவிக் கீழே விழும்.

தண்ணீர் மணிக்கு 500-லிருந்து 750 மில்லிலிட்டர். ஒரு புட்டியில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் 100 பிளஸ் பானம் அல்லது உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைத் தண்ணீர். ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட சவாரியில் மணிக்கு 40-லிருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழமும் இரண்டு மூன்று பேரீச்சையும் அந்த அளவை எட்டிவிடும். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். கிளம்புமுன் இரண்டு தோசையோ இட்லியோ போதும். நாசி லெமாக் திரும்பி வந்த பிறகு, தேங்காய்ப் பாலும் சம்பாலும் ஏற்றத்தில் மேலே வரும். வியர்வை நின்று உடம்பு சிலிர்த்தால், தலை வலித்தால், அது வெப்பத் தாக்குதலின் தொடக்கம். நிழலில் உட்கார்ந்து பிடரியில் தண்ணீர் ஊற்றுங்கள், அன்றைய ஏற்றம் அதோடு முடிந்தது. தெளியாவிட்டால் அவசர எண் 999.

ஏற்றத்தில் விழுபவர் குறைவு. அடிபடுவதெல்லாம் இறக்கத்தில்தான். கீழ்ப்பிடியில் கை வைத்தால் பிரேக்கை நன்றாக அழுத்த வரும், எடையும் தாழும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு வளைவுக்குள் பிரேக்கை விடுங்கள். சாய்ந்திருக்கும்போது இறுக்கிப் பிடித்தால் டயர் வழுக்கும். பிரேக்கைத் தொடர்ந்து லேசாகத் தேய்த்துக்கொண்டே இறங்குவதுதான் புதியவர் எல்லாரும் செய்வது. ரிம் பிரேக்கில் அது ரிம்மைச் சூடேற்றும், டியூப் வெடிக்கலாம். டிஸ்க்கில் பிரேக் கட்டை கண்ணாடியாகிப் பிடிப்பு போகும். இரண்டு நொடி அழுத்துங்கள், விடுங்கள், ஆறட்டும், மறுபடி அழுத்துங்கள்.

நாம் இடப்பக்கம் போகிறவர்கள். ஆகவே வலது வளைவில் நீங்கள் வெளிவிளிம்பில் இருப்பீர்கள், லாரியிலிருந்து சிந்திய மணலும் சரளையும் ஒதுங்கிக் கிடப்பது அங்கேதான். இடது வளைவில் எதிரே வரும் கார் வளைவை வெட்டிக்கொண்டு உங்கள் பாதிக்குள் வரும். மழை தூறினால் வெள்ளைக்கோடு, இரும்பு மூடி, நிழலில் பாசி படர்ந்த ஓரம் மூன்றும் சோப்பு. டுரியான் பருவத்தில் ஓரக்கடைகளைக் கண்டதும் கார்கள் சைகையில்லாமல் நின்றுவிடும், ஓடுகளும் சாலையில் கிடக்கும். பிரேசர் மலையிலிருந்து இறங்கும்போது வியர்த்த நெஞ்சில் காற்று அறையும். காற்றுச்சட்டை இல்லையென்றால் உச்சிக் கடையில் ஒரு நாளிதழ் வாங்கிச் சட்டைக்குள் விரித்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் பயன்படும் பொருள்களில் அதுவும் ஒன்று.

டியூப் மாற்றுவது

கையில் இருக்க வேண்டியவை: புது டியூப் இரண்டு, டயர் நெம்பி இரண்டு, ஒட்டுப்போடும் பொட்டலம், சிறு பம்பு, ஆலன் சாவிக் கொத்து, பழைய பற்பசைக் குழாயை வெட்டிய ஒரு துண்டு. டயரே கிழிந்துபோனால் உள்ளே வைக்க அந்தத் துண்டு. கரியமில வாயுக் குப்பி வேகம்தான், ஆனால் தவறினால் மறுவாய்ப்பு இல்லை, பம்பும் இருக்கட்டும்.

வீட்டிலேயே ஒரு வேலை செய்து வையுங்கள். டயரின் பெயரெழுத்து சரியாக வால்வுக்கு நேரே வருமாறு பொருத்துங்கள். வழியில் காற்றுப் போனதும் டியூபைக் கழற்றிக் காற்றடித்து, ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரிலும் எழுத்திலிருந்து அதே தூரத்தில் தேடினால் குற்றவாளி அங்கேயே இருக்கும். பெரும்பாலும் லாரி டயரிலிருந்து தெறித்த, மயிரிழை போன்ற இரும்புக் கம்பி. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் எளிதில் படாது. ஒரு துணியை டயரின் உட்புறம் தேய்த்தால் நூல் மாட்டும். இதைத் தேடாமல் புது டியூபை மாட்டியவர் ஒரு கிலோமீட்டரில் மறுபடி நிற்பார். ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் இரண்டாக இருந்தால் கம்பியைத் தேட வேண்டாம், அது குழியில் விழுந்து ரிம் கடித்தது. காற்று குறைவாக இருந்தது என்று பொருள்.

புது டியூபுக்குள் கொஞ்சம் காற்று ஊதி உருண்டையாக்கி உள்ளே வையுங்கள். டயரின் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி இரு கைக்கட்டை விரல்களாலும் தள்ளிக்கொண்டே வந்து வால்வில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் பிடிவாதம் பிடிக்கும். நெம்பியைத் தொடாதீர்கள், அது டியூபைக் கிள்ளும். எதிர்ப்புறத்தில் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் பிசைந்து தள்ளினால் இங்கே தளரும். வால்வை ஒருமுறை மேலே தள்ளி விடுங்கள், சுற்றிலும் டியூப் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள், பிறகுதான் முழுக் காற்று. இதை வீட்டு வரவேற்பறையில் இரண்டு தடவை செய்து பழகாமல் பெரேஸ் பக்கம் போகாதீர்கள்.

திரும்பியதும்

மழையில் நனைந்த சைக்கிளை அன்றே கழுவுங்கள். இந்த ஊர் ஈரத்தில் சங்கிலி ஒரே இரவில் சிவந்துவிடும். தண்ணீர்க் குழாயை அச்சுகளின்மீது நேரடியாகப் பீய்ச்ச வேண்டாம், உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறும். சங்கிலியைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் ஊறியபின் வெளிப்புறத்தை மறுபடி துடைத்துவிடுங்கள். வெளியே நிற்கும் எண்ணெய் மண்ணைத்தான் பிடிக்கும். பிரேக் கட்டையில் பதிந்திருக்கும் மணல் துகளை ஊசிமுனையால் நோண்டி எடுங்கள், இல்லையேல் அடுத்த இறக்கத்தில் அது ரிம்மை அரத்தால் ராவுவதுபோல் ராவும்.